படகின் இடது பக்கம்

தம்பியின் படகு திரும்பி வந்தது. தம்பி வரவில்லை.

எப்போதும் தனியாகத்தான் போவான். விடியும்முன் போனால் வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிடுவான். அன்று சாயங்காலம்வரை காணோம் என்றதும் துறைமுகத்திலிருந்து நாலைந்து படகுகள் தேடிப் போயின. மறுநாள் ஒருவர் படகை மட்டும் கயிறு கட்டி இழுத்து வந்தார். இன்ஜின் அணைந்திருந்தது. வலை பாதி உள்ளே, பாதி வெளியே. சாப்பாட்டுத் தூக்கு திறக்காமல் பலகைக்கு அடியில் கிடந்தது. அதற்குப் பிறகும் தேடினார்கள். பிறகு தேடுவது குறைந்தது. பிறகு யாரும் எதுவும் சொல்லாமலேயே அது நின்றுபோயிற்று.

அக்காவுக்குப் படகுப் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் பெயிண்டரம்மா. தம்பி காணாமல் போன பிறகும் அவள் வேலைக்கு மட்டம் போடவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், பஸ் பிடித்தாள். அழுகை மட்டும் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய், "சரியான நெஞ்சழுத்தக்காரி" என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அதுவும் வேறு யாரைப் பற்றியோ சொன்ன மாதிரிதான் இருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, நம்முடையதுதான், ஆனால் நம்முடையது இல்லை, அப்படி இருந்தது அவளுக்கு.

ஒரு நாள் தம்பி மனைவி பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, படகுக்கு பெயிண்ட் அடிச்சுக் குடுங்க. எங்க அண்ணன் எடுத்து ஓட்டறேன்னு சொல்றான். சும்மா கிடந்தா வீணாப் போயிடும்."

"சரி."

"என்னிக்கு வரட்டும்?"

"நீ எதுக்கு? நான் பாத்துக்கறேன்."

தம்பி மனைவி போய்விட்டாள். இரண்டு பேரும் இதற்குமேல் பேசிப் பழக்கமில்லை. சண்டை என்று எதுவும் கிடையாது. தம்பிக்குப் பட்டறையில் வைத்த பெயர் ரேடியோ. அவன் ஓர் அறையில் இருந்தால் மற்றவர்கள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. கல்யாணமான நாளிலிருந்து நாத்தனாருக்கும் தம்பி மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்து, இருவருக்கும் சேர்த்து அவனே பேசிக்கொண்டிருந்தான். இப்போது அவன் இல்லாததால், பேச வேண்டியது எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

படகைத் தண்ணீரிலிருந்து இழுத்து ஷெட்டுக்குள் கட்டைகள்மேல் ஏற்றினார்கள். முன்னால் நின்று ஏற்றியவர் தச்சர். அவருக்கு எதையும் உடனே முடித்தாக வேண்டும் என்பதால் பட்டறையில் அவர் பெயர் அவசரம். "ரெண்டு நாள்ல முடிச்சுடு பெயிண்டரம்மா, வெளியில இன்னொரு படகு காத்துக்கிட்டிருக்கு" என்றார். அவர் எப்போதும் சொல்வது அது. அவளும் எப்போதும்போல் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை அவள் ஷெட்டைத் திறந்தபோது தம்பி மனைவி ஒரு பிளாஸ்டிக் வாளியோடு நின்றிருந்தாள். பழைய சட்டை ஒன்றைப் புடவைக்குமேல் போட்டிருந்தாள். தம்பியின் சட்டை.

"வீட்ல இருக்க முடியல அண்ணி. வர்றவங்க எல்லாம் அழறாங்க. அழுது முடிச்சதும் நான்தான் தண்ணி கொண்டாந்து குடுக்க வேண்டியிருக்கு."

பெயிண்டரம்மா ஹோஸ் பைப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "மொதல்ல உப்பு போகணும். நல்ல தண்ணியில கழுவணும். மேலேருந்து கீழே. உப்பு மிச்சம் இருந்தா அதுமேல எவ்வளவு ஒசந்த பெயிண்ட் அடிச்சாலும் கொப்புளம் போட்டுடும்."

நாளெல்லாம் கழுவினார்கள். அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த பாசியையும் சிப்பியையும் தகட்டால் சுரண்டினார்கள். வலைப்பிசிரும் மீன் செதிலும் பலகை இடுக்குகளிலிருந்து வந்துகொண்டே இருந்தன. தம்பி மனைவி ஓர் இடுக்கிலிருந்து சட்டைப் பொத்தான் ஒன்றை எடுத்தாள், பார்த்தாள், வாளியில் போட்டுவிட்டு மேலே தேய்த்தாள். பெயிண்டரம்மாவும் பார்த்தாள்.

மரம் காய வேண்டும். காய்ந்ததா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. மேலே காய்ந்து உள்ளே ஈரம் இருக்கும். பெயிண்டரம்மா பழைய பெயிண்டை அங்கங்கே வெறும் மரம் தெரியும்வரை சுரண்டி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு அதன்மேல் ஒட்டினாள். மறுநாள் தாளுக்கு உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் மரம் இன்னும் தண்ணீர் விடுகிறது என்று அர்த்தம்.

தம்பி மனைவி தினமும் காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பாள்.

"இன்னும் வேர்க்குது அண்ணி."

"வேர்க்கட்டும்."

அவசரம் வானத்தைக் காட்டினார். "மேகம் கட்டுது. இன்னிக்கு வெயில் இருக்கும்போதே ப்ரைமராவது போட்டுடும்மா."

"ஈர மரத்துமேல போட்டா ஈரத்தை உள்ளே வெச்சுப் பூட்டற மாதிரி. ஆறு மாசத்துல தோல் உரிஞ்சு வந்து நிக்கும். அப்ப நீங்களா வந்து சுரண்டுவீங்க?"

"என்னமோ பண்ணு. உங்கிட்ட பேசறதுக்கு அந்த மரத்துகிட்டயே பேசலாம்" என்று அவர் போய்விட்டார்.

காய்கிறவரை சும்மா இருக்க வேண்டாம் என்று, காய்ந்திருந்த மேல்பாகத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்கள். பெயிண்டரம்மா இடது பக்கம், தம்பி மனைவி வலது பக்கம். இருவரும் மூக்கில் துணி கட்டியிருந்தார்கள். நீலத்தூள் பறந்து புருவத்திலெல்லாம் படிந்தது.

பின்பகுதிக்கு அருகில், விளிம்புக்குச் சற்றுக் கீழே, பெயிண்டரம்மாவின் கை நின்றது.

அங்கே பெயிண்ட் சின்னச் சின்னதாகப் பெயர்ந்திருந்தது. நகம் அளவுக்குப் பிறை பிறையாக, ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில் கூட்டமாக. இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடியும் அதேபோல். அதற்குக் கீழே தண்ணீர் மட்டம் நிற்கும் இடத்தை ஒட்டி, முழங்காலோ கால் கட்டைவிரலோ வழுக்கி வழுக்கி இறங்கியதுபோல் நீளமான தேய்ப்புகள். கயிறு உரசினால் பெயிண்ட் பளபளவென்று தேயும். துறைமுகச் சுவரில் தொங்கும் டயர் உரசினால் கறுப்பு ஒட்டும். இது இரண்டும் இல்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ படகுகளின் காயங்களைப் பார்த்தவள் அவள். எந்தக் காயம் எதனால் வந்தது என்று யோசிக்காமலேயே தெரிந்துவிடும். இதுவும் தெரிந்துவிட்டது.

உள்ளே எதுவும் நடக்கவில்லை. 'கரடுமுரடான தாள் போட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் போய்விடும்' என்று மட்டும் தோன்றியது. அவள் தாளை மாற்றவில்லை. எழுந்து படகைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள்.

"அந்தப் பக்கம் முடிஞ்சுதா அண்ணி?"

"இல்ல. இங்க வெளிச்சம் நல்லா இருக்கு."

அன்று முழுவதும் இருவரும் ஒரே பக்கத்தைத் தேய்த்தார்கள்.

மறுநாள் அவள் வருவதற்குள் தம்பி மனைவி வந்துவிட்டிருந்தாள். பிளாஸ்டிக் தாளைப் பார்க்கப் போகவில்லை. இடது பக்கத்தில் காலி பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன அண்ணி?"

"டயர் உரசியிருக்கும்."

"டயர்னா கறுப்பா இருக்காதா?"

பெயிண்டரம்மா பையை ஆணியில் மாட்டினாள். மாட்டிய பிறகும் அதன் வாரைச் சரிசெய்துகொண்டே நின்றாள்.

"மோதிரம்" என்றாள் தம்பி மனைவி. "எங்க வீட்டுக் கதவுலயும் இப்படித்தான் இருக்கு. கையால தட்ட மாட்டார். மோதிரத்தாலதான் தட்டுவார், டொக்கு டொக்குனு. கதவு பூரா அம்மை போட்ட மாதிரி இருக்கும். எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கேன்."

வெளியே யாரோ இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றது.

"அப்ப ஏறப் பாத்திருக்கார்."

"ஆமா."

"ரொம்ப நேரமா?"

"அது தெரியல. தெரிஞ்சா சொல்லியிருப்பேன்" என்றாள் பெயிண்டரம்மா. பிறகு, "தெரிஞ்சாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.

தம்பி மனைவி எழுந்து படகின் பக்கவாட்டில் மேலும் கீழும் கையை ஓட்டினாள். "பிடிக்க ஒண்ணுமே இல்லையே. தண்ணிக்குள்ள இருந்து பாத்தா செவுரு மாதிரி இல்ல இருக்கும்?"

"யாரும் வைக்கறதில்ல. வலை மாட்டிக்கும்பாங்க."

"இவ்வளவு வழவழன்னு இருக்கு."

"நான்தான். ஒவ்வொரு வருஷமும் நான்தான் இழைச்சு இழைச்சு வழவழன்னு ஆக்கினேன். கண்ணாடி மாதிரி இருக்குக்கான்னு சொல்லுவான்."

தம்பி மனைவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அதுக்கு? முள்ளு வெச்சா அனுப்புவாங்க? பெயிண்ட்னா வழவழன்னுதான் இருக்கும்." அதைச் சொன்ன குரலில் ஆறுதல் எதுவும் இல்லை. காய்கறிக்காரரிடம் பேசும் குரல் அது. பெயிண்டரம்மாவுக்கு அந்தக் குரல் போதுமாக இருந்தது.

"அண்ணி, ஏறறதுக்கு ஏதாவது வைக்க முடியுமா இதுல? எங்க அண்ணனும் தனியாத்தான் போவான். நீச்சல்ல பெரிய புலி ஒண்ணும் கிடையாது."

பெயிண்டரம்மா படகைச் சுற்றி வந்தாள். பின்பகுதியைத் தட்டிப் பார்த்து, "பின்பக்கம், இன்ஜின் ஓரமா ஒரு மடக்குப் படி வைக்கலாம். வேணும்னா கீழே விழற மாதிரி, வேணாம்னா மேலே மடிஞ்சு நிக்கற மாதிரி. ரெண்டு பக்கமும் விளிம்புக்குக் கீழே கைப்பிடி. வலை பக்கவாட்டுல வர்ற இடத்தை விட்டுட்டு வைக்கணும்" என்றாள். "வைக்கறதா இருந்தா இப்பவே வைக்கணும். பெயிண்ட் அடிச்ச பிறகு ஓட்டை போட்டா, அந்த ஓட்டை வழியா தண்ணி மரத்துக்குள்ள இறங்கிடும்."

அவசரத்தைக் கூப்பிட்டார்கள். அவர் வரும்போதே தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். "படியா? படகுக்கா? இதென்ன மாடி வீடா? அதெல்லாம் வலையை இழுத்துக் கிழிச்சுடும்மா. எனக்கு வேற வேலை இல்லையா?"

தம்பி மனைவி அந்த இடத்தில் விரலை வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"துருப்பிடிக்காத கம்பியில பண்ணணும்" என்றார் கடைசியில். "சாதா இரும்பு உப்புத்தண்ணிக்கு நிக்காது. ரெண்டு நாள் குடும்மா." அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து அந்தப் பட்டறையில் யாரும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் பெயிண்டரம்மா தம்பி வீட்டு வழியாகப் போனாள். படிக்கு அளவெடுத்த டேப்பைத் தம்பி மனைவி மறந்துபோய்ப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தாள். கதவைத் தட்டக் கையை உயர்த்தியவள் அப்படியே நின்றாள். பிடிக்குக் கொஞ்சம் மேலே, பச்சைப் பெயிண்டில், பிறை பிறையாகப் பெயர்ந்திருந்தது. எத்தனை முறை இந்தக் கதவைத் தட்டியிருக்கிறாள்! பெயிண்ட் அடிப்பதே பிழைப்பாக இருப்பவள், ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. உள்ளே அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது. அவள் அந்த இடத்தில் தட்டாமல் கொஞ்சம் தள்ளித் தட்டினாள்.

படியும் கைப்பிடிகளும் தயாரானதும், ஓட்டை போட்டு, ஓட்டைக்குள் பசை நிரப்பி, போல்ட்டை முறுக்கிப் பூட்டினார் அவசரம். பிதுங்கி வந்த பசையைத் துணியால் வழித்தெடுத்தார். மிச்சமிருந்தது இடது பக்கம்.

"நான் தேய்க்கறேன்" என்றாள் தம்பி மனைவி.

"எதுக்கும்மா? நான் பண்ணிடறேன்."

"இல்ல, நானே."

பெயிண்டரம்மா தாளை மரக்கட்டையில் சுற்றிக் கொடுத்தாள். அங்கேயே நிற்பதா, நகர்வதா என்று தெரியவில்லை; ப்ரைமர் டின்னைத் திறந்து, தேவையே இல்லாமல், கலக்கிக்கொண்டிருந்தாள். தாள் மரத்தில் உராயும் சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. தம்பி மனைவி இடையிடையே உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாதது உள்ளங்கைக்குத் தெரியும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

"மேலே போயிடுச்சு அண்ணி. ஆனா கையில தட்டுது. பள்ளமா."

"பட்டி பாக்கணும். பள்ளத்துல தண்ணி நின்னா மரம் அழுகிடும்."

பட்டியைப் பெயிண்டரம்மாதான் வைத்தாள். தகட்டின் நுனியில் எடுத்து, ஒவ்வொரு குழியாக அழுத்தி, குறுக்கே ஓர் இழுப்பு. ஒவ்வொன்றாக மூடியது. அப்போதாவது ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. 'நல்ல வேலை' என்று கை தன்னைத்தானே மெச்சிக்கொண்டதைக்கூட அவள் கவனித்தாள்.

மழை வந்து ஓய்ந்தது. பிளாஸ்டிக் தாளில் ஆவி இல்லாத காலை ஒன்று வந்தது. ப்ரைமர் அடித்துக் காயவிட்டு, லேசாகத் தேய்த்து, துணியை நனைத்துத் தூளைத் துடைத்தார்கள். மேல்பூச்சுக்கு மட்டும் பெயிண்டரம்மா நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். காற்று அடிக்கக் கூடாது, தூசி ஒட்டும். பனி காய்ந்திருக்க வேண்டும். வெயில் நேரே விழுந்தால் பூசும்போதே ஆடை கட்டிவிடும். பொழுது சாயும் நேரத்தில் அடித்தால் ஈரக்காற்று பட்டு மினுமினுப்பு செத்துப்போகும்.

நிறத்தை மட்டும் தம்பி மனைவி முன்பே முடிவு செய்திருந்தாள். "நீலம் வேணாம். தேடிப் போனவங்க பக்கத்துல வந்த பிறகுதான் படகையே பாத்தாங்களாம். கண்ணைக் குத்தற மாதிரி ஒரு கலர் குடுங்க." ஆரஞ்சு வாங்கியிருந்தார்கள்.

அந்தக் காலையும் வந்தது. ஷெட் தரையில் தூசி எழாதபடி தண்ணீர் தெளித்தார்கள். பெயிண்டை மெல்லிய துணியில் வடிகட்டினார்கள். தம்பி மனைவி ரோலரால் பூசிக்கொண்டு முன்னால் போக, பெயிண்டரம்மா பிரஷ் நுனியால் மேலிருந்து கீழாக நீவிக்கொண்டு பின்னால் போனாள். ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டும். நின்றால் ஓரம் காய்ந்து தழும்பு விழும். அதனால் இருவரும் நிற்கவில்லை.

"வேகமா போறியா நீ?"

"நீங்க மெதுவா வர்றீங்க."

"சரி, சரி. போ."

இடது பக்கம் முடியும்வரை இவ்வளவுதான் பேச்சு. எந்த இடத்தில் பட்டி வைத்தோம் என்று பெயிண்டரம்மா பிறகு தேடிப் பார்த்தாள். தெரியவில்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

இன்னொரு பூச்சும் முடிந்து, பெயிண்ட் நன்றாக இறுகும்வரை விட்டு, படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். தம்பி மனைவியின் அண்ணன் வந்திருந்தார். பேசத் தெரியாத பெரிய உருவம். தங்கை எதிரில் வந்தால் குனிந்து தன் செருப்பைப் பார்ப்பார். அவர் ஏறுவதற்கு முன்பே தம்பி மனைவியும் பெயிண்டரம்மாவும் ஏறிவிட்டார்கள். அவசரம் துடுப்பால் தள்ளி, கால் தரையைத் தொடாத ஆழமுள்ள இடத்துக்குக் கொண்டுபோனார்.

"இங்க போதும்" என்றாள் தம்பி மனைவி. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். யாரும் எதுவும் கேட்பதற்குள் தண்ணீரில் குதித்துவிட்டாள்.

கரையில் அவள் அண்ணன் ஏதோ கத்தினார். அவள் மூழ்கி எழுந்து, முடியை முகத்திலிருந்து ஒதுக்கி, கைப்பிடியைப் பிடித்தாள். இன்னொரு கையால் படியைக் கீழே இழுத்தாள். காலைத் தூக்கினாள். எட்டவில்லை. நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டு கீழே இழுத்தது. மறுபடி தூக்கினாள். முழங்கால் படகில் இடித்து வழுக்கியது. அந்தச் சத்தம் மரத்தின் வழியாக வந்து பெயிண்டரம்மாவின் பாதத்தில் பட்டது.

பெயிண்டரம்மா குனிந்து கையை நீட்டினாள்.

"கை குடுக்காதீங்க அண்ணி. கடல்ல யாரு குடுப்பா?"

பெயிண்டரம்மா கையை எடுத்துக்கொண்டாள். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் பலகையைப் பிடித்துக்கொண்டாள். கீழே இருந்து மூச்சு வாங்கும் சத்தம் வந்தது. எதற்கும் வராத ஒன்று அப்போது வந்தது. அழுகை இல்லை, பயம். உண்மையான பயம். "எட்டி மிதி! எட்டி மிதிடீ!" என்று அவள் கத்தினாள். தம்பி மனைவியை அவள் 'டீ' போட்டுக் கூப்பிட்டதே இல்லை.

கால் படியில் விழுந்தது. கைப்பிடி, அடுத்த கைப்பிடி, விளிம்பு. தம்பி மனைவி வயிறு மடிய உள்ளே விழுந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, பலகைமேல் மல்லாந்து கிடந்தாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

"ஏறலாம்" என்றாள்.

"படியை இன்னும் ஒரு சாண் கீழே இறக்கணும்" என்றாள் பெயிண்டரம்மா.

"இறக்குங்க."

அவசரம் துடுப்பைப் பிடித்தபடியே, "இறக்கிடலாம்மா, இறக்கிடலாம்" என்றார்.

கரைக்கு வந்ததும் பெயிண்டரம்மா தன்னுடைய வேலை உடுப்பை அவளுக்கு மாற்றக் கொடுத்தாள். புடவையைப் பிழிந்து ஷெட்டுக் கம்பியில் போட்டார்கள். இருவரும் கவிழ்த்துப் போட்ட டின்களில் உட்கார்ந்தார்கள்.

"எனக்கு அழுகை வரல" என்றாள் பெயிண்டரம்மா. யாரிடமும் சொல்லாதது. "அவன் போனதுலேருந்து ஒரு தடவைகூட."

"எனக்கு மொத வாரமே தீந்துபோச்சு. இப்ப மரத்த மாதிரி இருக்கு."

"எனக்கு வரவே இல்ல."

தம்பி மனைவி முடியை முறுக்கித் தண்ணீரைப் பிழிந்தாள். "வந்தா சொல்லி அனுப்புங்க அண்ணி. தனியா அழாதீங்க. தனியா அழுதா ஒரு மாதிரி அசிங்கமா இருக்கு, யாரோ பாக்கற மாதிரியும் இருக்கு, யாருமே இல்லாத மாதிரியும் இருக்கு."

"சரி."

படகை மறுபடி ஏற்றி, படியைக் கீழே இறக்கிப் பூட்டி, பழைய ஓட்டைகளை மரக்குச்சி அடித்து அடைத்து, மேலே பெயிண்ட் தொட்டுவைத்தார்கள். அதன்பிறகு தம்பி மனைவியின் அண்ணன் அதைக் கடலுக்கு எடுத்துப் போனார். போவதும் வருவதுமாக இருக்கிறார். கொஞ்ச நாள் கழித்து, துறைமுகத்திலிருந்து வேறொருவர் தன் படகுக்கும் அப்படியொரு படி வைக்க முடியுமா என்று கேட்டு வந்தார். அவசரம் அவரை ஷெட்டுக்குள் அனுப்பினார்.

பெயிண்டரம்மா அவருடைய படகைச் சுற்றி வந்து பார்த்தாள். தம்பி மனைவி ஹோஸ் பைப்பை எடுத்துக் குழாயில் மாட்டினாள். இப்போது அவளும் தினமும் பட்டறைக்கு வேலைக்கு வருகிறாள். அழுகை வந்துவிட்டதென்று பெயிண்டரம்மா இன்னும் சொல்லி அனுப்பவில்லை.